ஒன்பது பேரின் எடை

அத்தியாயம் 7

துறைமுக அதிகாரியின் அறைக் கடிகாரம் ஒன்று பத்து காட்டியது. நான்கு மணிக்குக் கப்பல் கிளம்புகிறது. முதல் பயணம், அறுநூறு பேர் டிக்கெட் எடுத்திருக்கிறார்கள். அதை நிறுத்தச் சொல்லிக் கேட்க ஊசி மேடத்திடம் இருந்தது, பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் வார்த்தை மட்டும்தான்.

வார்த்தையை வைத்துக் கப்பலை நிறுத்த முடியாது என்று அதிகாரி மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்க அப்பா காணாமப் போனதுல எனக்கும் வருத்தம்தாம்மா. போலீஸ் தேடுது. ஆனா அதுக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்?"

"நேத்துக் காலைல ஏழரைக்கு எனக்கு போன் பண்ணார் சார். அந்தக் கப்பல் கிளம்பக் கூடாதும்மா, சாயங்காலம் வந்து எல்லாம் சொல்றேன்னார். சாயங்காலமும் வரல, ராத்திரியும் வரல."

எதிர் நாற்காலியில் கால் மேல் கால் போட்டிருந்த, கப்பல் கட்டும் தளத்தின் மேனேஜர் உச்சுக் கொட்டினார். "வாத்தியாருக்கு வயசாச்சு. கொஞ்ச நாளாவே ஞாபகம் தடுமாறுது. நேத்து அவரு எங்க தளத்துப் பக்கமே வரல."

சுவரோரம் நின்றிருந்த ஒல்லிக்கு அந்தக் காலைத் தட்டிவிட வேண்டும்போல இருந்தது. ஒல்லி என்பது பட்டப்பெயர். பள்ளிக்கூடத்தில் எவனோ கிண்டலுக்கு வைத்தது, அவனுடைய உடம்பு எவ்வளவு மறுத்தும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஊசி மேடமும் பட்டப்பெயர்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடம் பொய்க் கணக்கு பிடித்தவர். அவர் கேள்வி இறங்கும்போது வலிக்காது, வீட்டுக்குப் போன பிறகுதான் வலிக்கும் என்று அடிபட்டவர்கள் சொல்வார்கள். தனியாகத் துப்பறிய ஆரம்பித்ததிலிருந்து ஒல்லிதான் அவருக்கு டிரைவர், உதவியாளர், வாய்.

"வாத்தியாரை உங்களுக்கு எப்படிப் பழக்கம்?" என்று மேடம் அதிகாரியைக் கேட்டார்.

அதிகாரியின் முகம் கொஞ்சம் இளகியது. "நான் அவர்கிட்ட படிச்சவன்."

வாத்தியாரைப் பற்றிக் காலையிலிருந்து மகள் சொல்லி ஒல்லிக்கு மனப்பாடமாகியிருந்தது. பதினாறு வயதில் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். கப்பலின் வளைவுகளை முழு அளவில் வரைகிற பெரிய மரத்தரையில் குப்புறப் படுத்து சாக்பீஸால் கோடு இழுத்தவர். அதில் முட்டி காய்த்துப்போய் இன்னும் மரத்தோல்தான். மாலை வகுப்பில் படித்து இன்ஜினீயர் ஆனார். பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் ஆடினால் கப்பல் என்ன ஆகும் என்று பதினோரு வருடம் ஆராய்ந்து நாற்பதாவது வயதில் டாக்டர் பட்டம் வாங்கினார். அப்புறம் இருபத்திரண்டு வருடம் கல்லூரியில் இயந்திரவியல் நடத்தினார். அவர் எழுதிய பாடப்புத்தகத்தைப் படிக்காமல் இந்தத் தொழிலுக்குள் யாரும் வந்ததில்லை. ஓய்வுபெற்ற பிறகும் புதுக் கப்பல் ஒவ்வொன்றையும் சோதித்துக் கையெழுத்துப் போட அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

"இந்தாங்க," என்று அதிகாரி ஒரு காகிதத்தை நீட்டினார். "சாய்வுச் சோதனை ரிப்போர்ட். மூணு வாரம் முன்னாடி, செவ்வாய்க்கிழமை நடத்தியிருக்கார். கீழ அவர் கையெழுத்து. வாத்தியார் கையெழுத்துப் போட்டிருந்தா நான் ரெண்டாவது தடவை பாக்கறதில்ல."

"சாய்வுச் சோதனைன்னா?" என்றான் ஒல்லி.

மகள்தான் பதில் சொன்னாள். அந்த வீட்டில் வளர்ந்தவள். "கட்டி முடிச்ச கப்பல்ல கனமான கட்டைகளை ஒரு பக்கமா நகர்த்துவாங்க. உள்ள ஒரு தூக்குக்குண்டு தொங்கும். கப்பல் எவ்வளவு சாயுதுன்னு அது காட்டிக் குடுக்கும். கொஞ்சமா சாஞ்சா நல்ல கப்பல். நிறைய சாஞ்சா மேல கனம் ஜாஸ்தின்னு அர்த்தம். அப்படிப்பட்டது நடுக்கடல்ல, எல்லாரும் ஒரே பக்கம் வந்து நின்னா கவுந்துடும்." கைக்குட்டையை மடியில் வைத்தாள். "சார், அது அப்பா கையெழுத்து இல்ல. யாரோ போட்டிருக்காங்க. எங்கப்பா பொய்க் கையெழுத்துப் போட மாட்டார்."

"அதைக் காகிதத்துல காட்டுங்க," என்றார் அதிகாரி. "ஒரே ஒரு தப்பு காட்டுங்க, நான் நிறுத்தறேன். மூணே முக்காலுக்கு மேல என்னால முடியாது."

மேடம் காகிதத்தை வாங்கிக்கொண்டு எழுந்தார். வாசலில் மகள் அவர் கையைப் பிடித்தாள்.

"எங்கப்பா எங்க இருக்கார்னே தெரியல. அவர் பேராவது மிஞ்சணும் மேடம். அதைக் காப்பாத்திக் குடுங்க."

"கண்டுபிடிச்சுக் குடுப்பேன்மா," என்றார் மேடம். "காப்பாத்திக் குடுப்பேன்னு நான் யாருக்கும் சொல்றதில்ல."

இந்த மாதிரி நேரத்தில் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று ஒல்லிக்குக் கோபம் வந்தது. காரை எடுத்தான்.

*

தளத்தில் கப்பல் இல்லை. நேற்று மதியம் இழுவைப் படகு வைத்துப் பயணிகள் துறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அது நின்ற இடத்தில் எண்ணெய் படிந்த தண்ணீர் மட்டும் அலம்பிக்கொண்டிருந்தது. கரையில் சாய்த்து வைத்த இரும்பு ஏணி, ஏணிக்குப் பக்கத்தில் ஓர் எடை மிஷின், எடை மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு வாட்ச்மேன்.

"ஏறுங்க," என்றார் வாட்ச்மேன், மிஷினைக் காட்டி.

"ஏறிப் போக இங்க கப்பலே இல்லியே அண்ணே," என்றான் ஒல்லி.

"பழகிப்போச்சு. ஏணிப் பக்கம் யார் வந்தாலும் நிறுக்கணும். வாத்தியார் உத்தரவு. ஒரு கப்பல் கட்டி முடியறவரைக்கும் அதுல என்ன ஏறுது, என்ன இறங்குதுன்னு ஒவ்வொண்ணும் நோட்டுல இருக்கணும். பெயின்ட் டப்பாவும் சரி, மனுஷனும் சரி."

மேடம் மறுபேச்சில்லாமல் ஏறி இறங்கினார். மகளும் ஏறினாள். ஒல்லி இரண்டடி பின்னால் போனான்.

"எனக்கு எண்பதுன்னு எழுதிக்கங்க."

வாட்ச்மேன் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "எந்த வருஷத்து எண்பது?"

"எழுதுங்கண்ணே, மிஷின் பழசு. எதுக்கு அதுக்குச் சிரமம்?"

"வாத்தியார் இருந்தா விடமாட்டார்," என்று முணுமுணுத்தபடி வாட்ச்மேன் எண்பது என்று எழுதினார்.

மேடம் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பேர் எழுத மாட்டீங்களா?"

"பேர் எதுக்கும்மா? கப்பலுக்குப் பேர் தெரியாது, எடைதான் தெரியும்னு சொல்வார்."

மேடம் ரிப்போர்ட்டை விரித்தார். அதிலும் அப்படித்தான் இருந்தது. சோதனையின்போது கப்பலில் இருந்தவர்கள் என்று தலைப்பு, கீழே பெயரில்லாமல் ஒன்பது எண்கள். எழுபத்தொன்றரை, எண்பத்துமூன்று, அறுபத்துநாலு என்று போய், எட்டாவதாக நூற்றிரண்டு.

"இவங்க எல்லாம் யாருன்னு சொல்ல முடியுமா?"

வாட்ச்மேன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு விரலால் ஓட்டினார். "பதினாலு வருஷமா நிறுக்கறேன், எடையைப் பாத்தா ஆளைச் சொல்லிடுவேன். முதல் நம்பர் எப்பவும் வாத்தியார்தான், அவர்தான் முதல்ல மிஷின்ல ஏறுவார். இது வெல்டர். இது..." விரல் எட்டாவது எண்ணில் நின்றது. "நூத்திரண்டா? இந்தத் தளத்துல நூறைத் தாண்டினது ஒரே ஆள்தான். எங்க பழைய ஃபோர்மேன்."

"அவரைப் பாக்கணும்."

"பாக்க முடியாதும்மா. அவர் போய்ச் சேர்ந்து அஞ்சு வருஷம் ஆச்சு."

 ஒல்லிதான் வாயைத் திறந்தான். "செத்தவர் மூணு வாரம் முன்னாடி கப்பல் ஏறியிருக்கார் மேடம். எடை கொஞ்சமும் குறையல, அதான் ஆச்சரியம்."

மேடம் அதற்குள் நோட்டை வாங்கிப் புரட்டியிருந்தார். மூன்று வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. ஏறியது இரண்டு பேர், இறங்கியது இரண்டு பேர். பக்கத்தில் மிச்சமெல்லாம் வெள்ளை.

"ரெண்டும் பெயின்டர்," என்றார் வாட்ச்மேன். "அன்னிக்கு வாத்தியார் வந்தார், ஆனா கார்லேர்ந்து இறங்கவே இல்ல. மேனேஜர் குடை புடிச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் நின்னு ரொம்ப நேரம் பேசினார். அப்புறம் கார் திரும்பிப் போயிடுச்சு."

மகள் மேடத்தின் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஒரே நாளில் பத்து வயது கூடிப்போன முகத்தில் முதல் தடவையாக உயிர் வந்தது. "பாத்தீங்களா? அப்பா ஏறவே இல்ல. சோதனையே நடக்கல. மேனேஜர்தான் பழைய நம்பரைப் போட்டு, அப்பா கையெழுத்தையும் போட்டிருக்கான்."

"பழைய நம்பர்," என்று மேடம் அந்த வார்த்தையை மட்டும் திருப்பிச் சொன்னார். "ஃபோர்மேன் உயிரோட இருந்தப்ப நடந்த சோதனை எது?"

"இதே மாதிரி கப்பல் ஒண்ணு, எட்டு வருஷம் முன்னாடி கட்டினது. இது அதோட தங்கச்சி," என்றார் வாட்ச்மேன். "மேல மட்டும் இதுக்குப் புதுசா கண்ணாடி ஹால் ஒண்ணும் ரெண்டு பெரிய தண்ணித் தொட்டியும் வச்சாங்க. போன வாரம்தான். நோட்டுல இருக்கு பாருங்க, பதினெட்டு டன்."

கீழே ஒன்றும் கூட்டாமல் உச்சியில் பதினெட்டு டன். அது எங்கே போய் முடியும் என்று இயந்திரவியல் படிக்காத ஒல்லிக்கே தெரிந்தது.

*

வாட்ச்மேனிடம் நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாத்தியாரின் வீட்டை அடைந்தபோது இரண்டரை. மருந்துக்கடைக்கு மேல் மாடி. கீழே மகளின் கடை, மேலே அப்பா. மேஜையில் அவருடைய புத்தகத்தின் எல்லாப் பதிப்புகளும் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு பதிப்பிலும் தான் விட்ட பிழைகளை அவரே சிவப்பு மையில் திருத்தி வைத்திருந்தார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஓர் இரும்புப் பெட்டியை மகள் இழுத்தாள். தன் சாவிக்கொத்தில் சாவியைத் தேடித் திறந்தாள். நாற்பது வருடத்துக் கப்பல்கள் ஃபைல் ஃபைலாக இருந்தன. எட்டு வருடத்துக்கு முந்தைய ஃபைலை எடுத்து மேடம் ஒல்லியிடம் கொடுத்தார்.

"படி."

"எழுபத்தொண்ணரை. எண்பத்துமூணு. அறுபத்துநாலு. தொண்ணூறரை. அம்பத்தெட்டு. எழுபத்தேழு. அறுபத்தொம்பது. நூத்திரண்டு. அறுபத்தாறரை."

ஒன்றுகூடத் தப்பவில்லை. வரிசையும் மாறவில்லை. தூக்குக்குண்டு நகர்ந்த அளவுகளும் அச்சாக அதுவேதான். அக்கா கப்பலின் சோதனையைத் தங்கச்சிக்கு அப்படியே எழுதியிருந்தது.

"போதும் மேடம், கிளம்பலாம்," என்றாள் மகள். "இதைக் காட்டினா அதிகாரி நிறுத்திடுவார். பொய் எழுதினவன் மாட்டுவான்."

மேடம் அசையவில்லை. "பெட்டிக்கு எத்தனை சாவி?"

"ரெண்டு. ஒண்ணு என்கிட்ட."

"இன்னொண்ணு?"

மகள் சாவிக்கொத்தைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

கேள்வி உள்ளே இறங்கியதை ஒல்லி பார்த்தான். அவனுக்குத் தாங்கவில்லை. முகம் கழுவிக்கொள்கிறேன் என்று குளியலறைப் பக்கம் ஒதுங்கினான். குழாயைத் திறந்தால் தண்ணீர் நேராகத் தரையில் விழுந்து அவன் பேன்ட்டை நனைத்தது. குவளை கிடந்தது, வாளியைக் காணோம்.

அவன் திரும்பி வந்தபோது மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு காகிதங்களும் அவள் மடியில் இருந்தன.

"காலைலயே தெரியும் மேடம்," என்றாள் மெல்ல. "அதிகாரி அதை நீட்டினப்பவே தெரியும். இது அப்பா எழுத்து. ஏழுக்கு நடுவுல ஒரு கோடு போடுவார், பாருங்க. எனக்கு ஒத்துக்க மனசு வரல."

"ஏன் எழுதினார்?"

"என்னாலதான்." அவள் சுவரைக் காட்டினாள். அங்கே டாக்டர் சீட்டு ஒன்று குத்தியிருந்தது. "ஒரு வருஷமா வயித்துல கட்டி. எடை இறங்கிக்கிட்டே வந்துச்சு. கடைல மருந்தை நிறுத்துக் குடுக்கறவ நான், எனக்குத் தெரியாதா? தலைசுத்தல் வேற. அந்த ஏணி நாப்பது படி. ஒரு நாள் விழுந்து சாகப் போறீங்கன்னு சண்டை போட்டேன். இனிமே எந்தக் கப்பல் ஏணியும் ஏறமாட்டேன்னு என் தலைல கைய வச்சு சத்தியம் பண்ணச் சொன்னேன். பண்ணார். அன்னிக்குக் கார்லேர்ந்து இறங்காம உட்கார்ந்திருந்தாரே, அது எனக்குக் குடுத்த சத்தியம். ஏற முடியலன்னு அவங்ககிட்ட சொல்ல வெக்கம். ஒரே மாதிரி கப்பல்தானே வாத்தியாரே, பழசையே எழுதிக் குடுங்கன்னு மேனேஜர் சொல்லியிருப்பான். எழுதிட்டார். அம்பது வருஷத்துல ஒரே ஒரு பொய்."

மேல் கண்ணாடி ஹாலைப் பற்றி அப்போது அவருக்குத் தெரிந்திருக்காது. போன வாரம் யாரோ சொல்லித் தெரிந்திருக்கும். தெரிந்த பிறகு அந்த மனிதர் எப்படித் தூங்கியிருப்பார் என்று ஒல்லி நினைத்துப் பார்த்தான். நினைக்க நன்றாக இல்லை. வழக்கமாக இந்த இடத்தில் அவனுக்கு ஏதாவது நக்கல் தோன்றும். தோன்றவில்லை.

மேடம் டாக்டர் சீட்டைக் கிட்டே போய்ப் பார்த்தார். "எடை ஐம்பத்தொன்றரை. இது எப்போ?"

"போன வெள்ளிக்கிழமை."

"மேடம், இன்னொண்ணு," என்றான் ஒல்லி. "குளியலறைல வாளி இல்ல. வாத்தியார் என்ன, குளிக்கவா ஓடிப்போனார்?"

மகள் சட்டென்று தலைதூக்கி ஜன்னல் பக்கச் சுவரைப் பார்த்தாள். அங்கே ஓர் ஆணி மட்டும் இருந்தது. "தூக்குக்குண்டு. அதுல மாட்டியிருக்கும். குண்டு ஆடாம நிக்கறதுக்கு வாளித் தண்ணிக்குள்ள அதை முக்கி வைப்பார்."

மேடம் வாட்ச்மேனின் நோட்டைப் பாய்ந்து எடுத்தார்.  நேற்றைய தேதி. காலை எட்டு பத்து. ஏறியது: ஐம்பத்தொன்றரை. பை, நாலேகால். வாளி ஒன்று. காலை நேர வாட்ச்மேனின் கோணல் எழுத்து.

எதிர்ப்பக்கத்தில் இறங்கியவர்களின் வரிசை இருந்தது. பெயின்டர்கள் இறங்கியிருந்தார்கள், எலக்ட்ரீஷியன் இறங்கியிருந்தார். மதியம் பன்னிரண்டு மணிக்குக் கப்பல் புறப்பட்டது என்று கோடு கிழித்து அந்தக் கப்பலின் கணக்கு முடிந்துவிட்டது. ஐம்பத்தொன்றரை கிலோ இறங்கவே இல்லை.

"உங்கப்பா அந்தக் கப்பல்லதான் இருக்கார்," என்றார் மேடம்.

*

அதிகாரிக்குப் பதினோரு தடவை போன் போட்டார்கள். பயணிகள் துறையில் பேண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது, அவர் எடுக்கவில்லை. போலீஸில் விவரம் கேட்டுக்கொண்டு, வண்டி அனுப்புவதாகச் சொன்னார்கள். ஒல்லி ஒருவழிப் பாதையில் எதிர்ப்புறமாகப் போனான், நடைபாதையில் ஏறினான், திட்டிய எல்லோருக்கும் கும்பிடு போட்டான். துறை வாசலில் காரைப் போட்டுவிட்டு மூன்று பேரும் இறங்கி ஓடியபோது மூன்று முப்பத்தெட்டு.

கப்பல் கரையோரம் வெள்ளையாக, உயரமாக நின்றது. வழியனுப்ப வந்தவர்களுக்குக் கையசைப்பதற்காகப் பயணிகள் எல்லோரும் கரைப் பக்கக் கம்பியில் வந்து குவிந்திருந்தார்கள். மேல் கண்ணாடி ஹாலில் குழந்தைகள் மூக்கைக் கண்ணாடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். கப்பல் கரைப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. கொஞ்சம்தான். ஆனால் ஒரு முறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

ஏணி அருகே மேனேஜர் குறுக்கே வந்தார். மகளின் கையிலிருந்த இரண்டு காகிதங்களைப் பார்த்த உடனே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. குரலைத் தாழ்த்தினார்.

"நல்லா யோசிச்சுக்கம்மா. இதை நீ குடுத்தா மாட்டப்போறது நான் இல்ல. எழுத்து யாரோடது? கையெழுத்து யாரோடது? நாளைக்குப் பேப்பர்ல உங்கப்பா பேர்தான் நாறும். அவர் புஸ்தகத்தைக் காலேஜ்ல எவனும் தொடமாட்டான். கப்பலுக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு மணி நேரப் பயணம்."

மேடம் மகளைப் பார்த்தபடி ஒதுங்கி நின்றார். ஒல்லிக்கு அவரை உலுக்க வேண்டும்போல இருந்தது. அந்தப் பெண் அப்பா உள்ளே இருக்கிறார் என்று மட்டும் சொல்லலாம், தேடுவதற்காகக் கப்பலை நிறுத்தலாம், காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் தேடி முடித்த அரை மணியில் கப்பல் இதே அறுநூறு பேரோடு கிளம்பும். அவளுக்கும் அது தெரிந்திருந்தது. அவள் உதடு துடித்ததிலிருந்து ஒல்லிக்குப் புரிந்தது.

அவள் மேனேஜரைச் சுற்றிக்கொண்டு போய் அதிகாரியின் முன்னால் நின்றாள். இரண்டு காகிதங்களையும் ஒன்றாக நீட்டினாள்.

"சார், இது எங்கப்பா எழுத்துதான். கையெழுத்தும் அவரோடதுதான். ஆனா சோதனை நடக்கல. பழைய கப்பலோடதைப் பாத்து எழுதிட்டார். இது பொய் ரிப்போர்ட்." மூச்சு வாங்கினாள். "நேத்து அதைச் சரிபண்றதுக்காக உள்ள போயிருக்கார். இன்னும் வெளியில வரல."

அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நூற்றிரண்டைப் பார்த்தார். அந்த ஃபோர்மேனின் சாவுக்கு அவரே போயிருந்தவர். மூன்று வாரமாக மேஜையில் இருந்த காகிதத்தில் வாத்தியாரின் கையெழுத்தைத் தாண்டி ஒரு வரியும் படித்திருக்கவில்லை என்பது அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"பேண்டை நிறுத்து," என்றார். பிறகு மைக்கை வாங்கினார். "பயணிகள் யாரும் ஓட வேண்டாம். பாதிப் பேர் அந்தப் பக்கம் போங்க. மேல இருக்கறவங்க முதல்ல. மெதுவா, பத்துப் பத்துப் பேரா இறங்குங்க."

வாத்தியாரிடம் படித்தவர் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மேனேஜர் போனை எடுத்து யாரையோ கூப்பிட ஆரம்பித்தார். மேடம் அவர் பக்கத்தில் போய் நின்று, "நேத்து வாத்தியார் தளத்துக்கு வரலன்னு எங்க எல்லார் முன்னாடியும் சொன்னீங்களே, அதை இப்ப வர்ற போலீஸ்கிட்டயும் அப்படியே சொல்லுங்க," என்றார். மேனேஜர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார்.

"உள்ள எங்க தேடறது சார்? எண்பது அறை இருக்கும்," என்றான் ஒல்லி.

அதிகாரி ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தார். "நூல் எவ்வளவு நீளமோ அளவு அவ்வளவு உண்மைன்னு வகுப்புல சொல்வார். மேலேர்ந்து அடிவரைக்கும் நேரா நூல் தொங்க இந்தக் கப்பல்ல ஒரே இடம்தான் இருக்கு."

இன்ஜின் அறைக்குப் பக்கத்தில் ஒரு குறுகிய இரும்புக் குழி. அடித்தளம்வரை செங்குத்தாக இறங்கும் படிகள். அதன் மூடி வெளியிலிருந்து நான்கு திருகிலும் இறுக்கப்பட்டிருந்தது. நேற்றுக் கப்பலை நகர்த்தும் முன் சுற்றி வந்த மாலுமி, திறந்து கிடந்த மூடியை மூடிவிட்டுப் போயிருக்கிறான். அவன் செய்தது முறைதான். கீழே ஒருவர் இருப்பார் என்று யார் நினைப்பார்கள்? இன்ஜின் இரைச்சலில் எவ்வளவு தட்டினாலும் கேட்டிருக்காது, சுற்றிலும் இரும்பு, போனுக்கும் சிக்னல் கிடைத்திருக்காது.

ஒல்லிதான் முதலில் இறங்கினான். அவனுடைய உடம்பு குழியின் பக்கச் சுவரில் உரசியது. வயிற்றை எக்கிக்கொண்டு இறங்கினான்.

அடியில் டார்ச் ஒன்று மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. மேலேயிருந்து நீளமான நூல் இறங்கி, பிளாஸ்டிக் வாளிக்குள் போயிருந்தது. வாளியில் கால்வாசித் தண்ணீர்தான் மிச்சம். மீதியைக் குடித்து உயிர் பிடித்திருக்கிறார். சுவரெல்லாம் சாக்பீஸில் எண்கள். நேற்றைய மணிகள், இன்றைய மணிகள், ஒவ்வொன்றுக்கும் நேராக நூல் நகர்ந்த தூரம். கடைசி வரிகள் கிறுக்கலாக இருந்தாலும் படிக்க முடிந்தது. மூன்று பத்து, பத்தொன்பது மில்லிமீட்டர். மூன்று இருபது, முப்பத்திரண்டு. மூன்று முப்பத்தைந்து, நாற்பத்தேழு. தலைக்கு மேல் ஆள் ஏற ஏற, தன் கப்பல் சாய்வதை அவர் அந்த அரையிருட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்.

எண்களுக்குக் கீழே சுவரோடு சாய்ந்து, முட்டியைக் கட்டிக்கொண்டு, வாத்தியார் இருந்தார். கண் திறந்திருந்தது. ஒல்லி கிட்டே போகப் பயந்தான். கண் இமைத்தது.

"இருக்கார் மேடம்," என்று மேலே பார்த்துக் கத்தினான்.  "உயிரோட இருக்கார்."

மகள் படிகளில் சறுக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் விழுந்தாள். அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாத்தியார் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உதடு ஒட்டியிருந்ததால் பேச்சு மெதுவாகத்தான் வந்தது.

"கிளம்பிடுச்சா?"

"இல்லப்பா. நிறுத்தியாச்சு. எல்லாரையும் இறக்கறாங்க."

"ரிப்போர்ட்டு?"

"குடுத்துட்டேன்பா. நீங்க எழுதினதுன்னு சொல்லிட்டேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.  பிறகு அந்த மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, தலை மெதுவாக ஆடியது, சரிதான் என்பதுபோல.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா," என்றார். "சத்தியத்தை மீறிட்டேன். ஏணி ஏறிட்டேன்."

அவள் அந்த மரத்துப்போன முட்டிகள்மேல் முகத்தை வைத்துக்கொண்டாள்.

மேலேயிருந்து ஆம்புலன்ஸ் வந்துவிட்டதாகக் குரல் வந்தது. ஸ்ட்ரெச்சர் அந்தக் குழியில் இறங்காது. ஒல்லி குனிந்து அவரைத் தோளில் தூக்கிக்கொண்டான். தூக்கிய பிறகு ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தது, அவ்வளவு லேசாக இருந்தார். ஒவ்வொரு படியாக ஏறினான். பாதியில் காதுக்குப் பக்கத்தில் கிழவரின் குரல் கேட்டது.

"தம்பி, நீ எத்தனை கிலோ?"

"எதுக்குங்கய்யா?"

"நீ இறங்கினப்போ நூல் அசைஞ்சுது. எழுதணும். சரியா சொல்லு."

ஒல்லி ஒரு படியில் நின்று மூச்சு வாங்கினான். மேலே மேடம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொண்ணூத்தி ஆறரைங்கய்யா," என்றான்.